மடிக்கணினி வாங்கப் புகுமுன்

நமுனுகுலப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் நம் முன் இருக்கிறது. அவருடைய மூத்த மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நன்கு தேறி, பல்கலைக்கழகமொன்றில் முகாமைத்துவம் பயிலத் தெரிவாகியிருக்கிறாள். அவர்கள் வாழும் லயத்திலிருந்து பல்கலைக்கழகப் படி மிதிக்கப்போகும் முதற் பிள்ளை அவளேயாம். படித்ததும் நமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும் கடிதத்தின் பிற்பகுதியில் ஒரு கவலை தொனிக்கிறது. "படிப்புக்கு லெப்டொப் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். சீட்டுப் பணமும் சேமிப்புமாகக் கையில் ஒன்றரை இலட்சம் ரூபா இருக்கிறது. கடைக்காரரோ மூன்றரை இலட்சத்துக்கு ஒன்றைக் காட்டி, இதற்குக் குறைந்தது உதவாது, மிச்சத்தை மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார். மகளின் படிப்பில் குறை வைக்கவும் மனமில்லை; கடனில் விழவும் துணிவில்லை. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் இதே கேள்வியைத் தம்முள் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் பலர். ஆதலின் இவ்வாரம் அதனைப் பற்றியே சிறிது விரிவாகக் கூறுவோம்.

முதலில் ஒன்று. மடிக்கணினி இக்காலத்தில் ஆடம்பரப் பொருளன்று. நம் பாட்டனார் காலத்துச் சிலேட்டுப் பலகைக்கு ஒப்பானது. கட்டுரை எழுதுதல், ஒப்படை சமர்ப்பித்தல், விரிவுரைக் குறிப்புகளைப் பெறுதல், பெறுபேறு அறிதல் ஆகிய யாவும் கணினி வழியாகவே நடைபெறுகின்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது இதன் அருமையை நாம் கண்கூடாகக் கண்டோம். நமது மாவட்டத்து லுணுகலைப் பக்கத்தில் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், இணையச் சமிக்ஞை கிடைக்கவேண்டிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறிப் பாடம் கற்ற செய்தி 2021இல் உலகெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டிலோ 2011ஆம் ஆண்டிலேயே மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் அரசாங்கமே விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. கல்விக்கு இன்றியமையாதது என்று கருதியதாலன்றோ அங்ஙனம் செய்தார்கள்?

இன்னொன்றையும் மறத்தலாகாது. இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதி வரை அரசாங்கக் கல்வி முறைக்குப் புறம்பாகவே கிடந்தன. அவ்வளவு காலம் பிந்திப் புறப்பட்ட நம்மவர் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வாயிலை அடைகிறார்கள். அவ்வாயிலில் கருவியில்லாக் குறையினால் ஒருவரும் தடுமாறலாகாது; கருவியின் பெயரால் ஒரு குடும்பம் கடனாளியாகவும் ஆகலாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டு.

படிப்பை முதலில் பாருங்கள்

மடிக்கணினி என்பது முதன்முதலாக 1981இல் "ஒஸ்போர்ன் 1" என்ற பெயரில் தூக்கிச் செல்லும் கணினியாக வந்தபோது அதன் நிறை ஏறக்குறைய 11 கிலோ. விலை 1,795 அமெரிக்க டொலர். அன்று வாங்குவோர்க்குத் தெரிவு செய்யும் தொல்லை இருக்கவில்லை. இன்று ஒரே கடையில் நாற்பது வகை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கடைக்குள் நுழையுமுன்னரே, இக்கருவியைக் கொண்டு பிள்ளை யாது செய்யப்போகிறது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

கலை, முகாமைத்துவம், சட்டம், கல்வியியல், விவசாயம் முதலிய துறைகளில் பயில்வோர்க்குப் பெரும்பாலும் வேண்டுவன எழுதுதல், கணக்குத்தாள், படவில்லை, இணையம் ஆகியவையே. புள்ளிவிவர மென்பொருள்கள் சில சேரக்கூடும். இவற்றுக்கு நடுத்தரமான கருவி தாராளமாகப் போதும். கணினி விஞ்ஞானம் பயில்வோர்க்கு அதனினும் சற்று வல்லமையுள்ளது தேவை. பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகிய துறைகளில் முப்பரிமாண வரைபடங்களை வரையவேண்டியிருத்தலின், தனியான வரைகலைச் சில்லு உள்ள கருவி தேவைப்படலாம். அதுவும் முதலாண்டிலேயே வேண்டும் என்பதில்லை. மருத்துவம் பயில்வோர்க்கோ படிப்பதற்கு வசதியான நல்ல திரையும் நீடித்த பற்றரியுமே முதன்மையானவை.

இதனைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட அதே துறையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயிலும் சிரேஷ்ட மாணவரிடம் கேட்டல் நன்று. பதுளைக்கு அண்மையில் பசறை வீதியிலேயே, 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குத் தேயிலைத் தொழினுட்பம் முதல் கணினி விஞ்ஞானம் வரையில் பயிலும் மாணவர் நம்மூர்ப் பக்கத்திலும் இருப்பார்கள். "நீங்கள் நாளாந்தம் பயன்படுத்தும் மென்பொருள்கள் எவை? உங்கள் கருவியில் அவை தடையின்றி ஓடுகின்றனவா?" என்னும் இரு கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் விடை, விளம்பரப் பத்திரங்கள் நூற்றினும் மேலானது. பீடம் வழங்கும் கைந்நூலில் கருவி பற்றிய குறிப்பேதும் உளதாயின் அதனையும் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களில் கணினி ஆய்வுகூடங்கள் உண்டாதலின், வகுப்புத் தொடங்கி ஒரு மாதம் பார்த்தபின் வாங்கினாலும் பெருநட்டம் ஒன்றுமில்லை.

பெட்டியைப் பார்த்துத் தேயிலை வாங்குவதுண்டோ?

தேயிலையின் தரத்தைப் பெட்டியில் ஒட்டிய படத்தைக் கொண்டு நம்மவர் எவரும் மதிப்பிடுவதில்லை. இலையைப் பார்ப்பார்கள், சாயத்தைப் பார்ப்பார்கள், மணத்தைப் பார்ப்பார்கள். மடிக்கணினியையும் அங்ஙனமே பார்த்தல் வேண்டும். மேலே மின்னும் வண்ண விளக்குகளும் ஒட்டிய வில்லைகளும் பெட்டிப் படத்துக்கு ஒப்பானவை. உள்ளே பார்க்கவேண்டியவை முக்கியமாக மூன்று.

முதலாவது, "புரோசசர்" எனப்படும் மூளை. இன்டெல் நிறுவனத்தின் "ஐ3, ஐ5, ஐ7" என்னும் பெயர்களைக் கேட்டதும், எண் பெரிதாயின் தரமும் பெரிதென்று எண்ணுவோர் பலர். அஃது அரை உண்மையே. அப்பெயரையடுத்து வரும் இலக்கம் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை அறிவிக்கும். 8250 என்று இருப்பின் எட்டாம் தலைமுறை. 1215 என்று இருப்பின் பன்னிரண்டாம் தலைமுறை. 2013ஆம் ஆண்டளவில் வந்த நான்காம் தலைமுறை ஐ7ஐக் காட்டிலும், 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 பெரிதும் விரைவானது. பழைய ஐ7ஐப் புதிய விலைக்கு விற்போர் இதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் "ரைசன்" வகையும் இதற்கு இளைத்ததன்று. அதிலும் எந்த ஆண்டினது என்று கேட்டல் வேண்டும். "செலரோன்" போன்ற மிக மலிவான வகைகள் வாங்கிய சில மாதங்களிலேயே பொறுமையைச் சோதிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, "ரேம்" எனப்படும் தற்காலிக நினைவகம். இதனை வேலை மேசையின் பரப்பு என்று கொள்ளலாம். மேசை சிறிதாயின் ஒரு நூலை மூடிய பின்னரே மறு நூலைத் திறக்க முடியும். 4 ஜிகாபைட் இக்காலத்துக்குப் போதாது. 8 ஜிகாபைட் குறைந்த அளவு. 16 ஆயின் நான்கு ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இப்போது 8 ஆக வாங்கினாலும், பின்னர் கூட்டிக்கொள்ள இடமுளதா அல்லது பலகையோடு ஒட்டவைக்கப்பட்டதா என்று கேட்டு அறிதல் மிகவும் அவசியம். 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத்தொடங்கியமையால் இக்கேள்விக்கு மேலும் பெறுமதி உண்டாயிற்று.

மூன்றாவது, சேமிப்பகம். பழைய வன்தட்டுக்குள் ஒரு தகடு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழன்றுகொண்டிருக்கும். நமுனுகுல வீதியின் வளைவுகளில் பேருந்து குலுங்கும் குலுக்கலுக்கு அது ஏற்றதன்று. "எஸ்.எஸ்.டி." எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவுமில்லை, விரைவும் பன்மடங்கு அதிகம். கொள்ளளவு 256 ஜிகாபைட் இருப்பினும் போதும். 512 இருப்பின் நன்று. வன்தட்டு மாத்திரம் உள்ள கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும், எஸ்.எஸ்.டி. போட ஆகும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இம்மூன்றுக்கும் அடுத்தபடியாகத் திரையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து நோக்கினும் எழுத்துத் தெளிவாகத் தெரிதல் வேண்டும். நான்கு ஆண்டுகள் பிள்ளையின் கண்கள் பழகவேண்டிய திரை அது. விசைப்பலகையில் ஒரு பந்தி தட்டச்சு செய்து பார்க்கப் பிள்ளையையே விடுங்கள். கையில் தூக்கியும் பார்க்கச் சொல்லுங்கள். விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும் அங்கிருந்து நூலகத்துக்கும் சுமப்பவர் அவரேயன்றித் தந்தையாரல்லர். 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோவளவு நிறையும் உள்ளது பெரும்பாலோர்க்குப் பொருந்தும்.

நம் மலைநாட்டுக்கு ஏற்றது எது?

கொழும்பில் இருப்போர்க்குச் சொல்லப்படும் புத்திமதி அனைத்தும் 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் அடிவாரத்தில் வாழ்வோர்க்குப் பொருந்தா. இங்கு மூடுபனி உண்டு, ஈரம் உண்டு, ஏப்ரல் மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் உண்டு. மின்சாரம் சொல்லாமற் போவதும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் கூறினார். குரங்கு பாணந்துறையிலும் இருள் பதுளையிலும் என்றால், நம் பிள்ளையின் ஒப்படை நள்ளிரவில் பாதியில் நிற்கலாகாதன்றோ? ஆகவே பற்றரி நீடித்து உழைக்கும் கருவியையே நாடுங்கள். "ஆறு மணி நேரம் நிற்கும்" என்று கடைக்காரர் கூறினால், திரையின் ஒளியைக் கூட்டி இணையத்தையும் திறந்தால் எத்தனை மணி நேரம் என்று மறு கேள்வி கேளுங்கள். யூ.எஸ்.பி. சி வகைத் துளை வழியாக மின்னேற்றம் பெறும் கருவியாயின், மின்னேற்றி பழுதானாலும் வேறொன்றை எளிதிற் பெறலாம்.

இடி முழங்கும்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதலே சிறந்த காப்பு. மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் பாதுகாப்புப் பலகை ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம்; ஆயினும் அதனை நம்பி இடியின்போது கழற்றாதிருத்தல் தவறு. தளர்ந்து ஆடும் பழைய உருண்டை முனைச் செருகிகளில் மாற்றுச் செருகி வைத்துப் பொருத்துவதும் ஆபத்தே. லயக் காம்பராவில் அடுப்புப் புகை சேரும் மூலையிலும், சுவர் வியர்க்கும் பக்கத்திலும் கருவியை வைத்தலாகாது. மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளைகள் அடைபட்டுக் கருவி சூடேறும். ஒரு பலகையின்மேல் வைத்தல் நன்று. மின்கட்டணத்தை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. 50 வாற்று இழுக்கும் கருவி 20 மணி நேரம் இயங்கினாலே ஓர் அலகு முடியும்.

இணைய வசதி ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எந்த நிறுவனத்தின் சமிக்ஞை உங்கள் வீட்டு வாசலில் எடுக்கிறது என்பதை அயலாரின் கைபேசிகளைக் கொண்டு அறிந்த பின்னர், அதற்கேற்ற சிம் அட்டையைப் பெறுங்கள். பாடங்களைப் பல்கலைக்கழகத்திலேயே தரவிறக்கிக்கொண்டு விடுமுறைக்கு வரப் பழகிய பிள்ளைக்குச் சமிக்ஞை இல்லாத மலையிலும் படிப்புத் தடைப்படாது.

இனி, பழுது பார்த்தல். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் சில ஆயிரம் ரூபா குறைவாகக் கிடைக்கிறது என்று கொழும்பு சென்று வாங்குவோர் உண்டு. தவறில்லை. ஆனால் உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டால் மறுபடியும் கொழும்புக்கே சுமக்கவேண்டும். போக்குவரத்துச் செலவோடு இரண்டு நாட் சம்பளமும் போகும். அந்த உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற திருத்துநர் பதுளையிலோ பண்டாரவளையிலோ இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தல் அறிவுடைமை.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், ஆயின் கண்ணைத் திறந்து வாங்கவேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கருவிகள் இந்நாட்டுக்குப் பெருமளவில் வருகின்றன. அலுவலகத்துக்கென ஆக்கப்பட்டவையாதலின் உடல் உறுதியும் நல்ல விசைப்பலகையும் உடையவை. புதிய மலிவுக் கருவியைவிட இத்தகைய பழைய கருவி சிறந்ததாக இருப்பதும் உண்டு.

இங்கே ஒரு முக்கிய செய்தியைக் கூறவேண்டும். "விண்டோஸ் 10" என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய "விண்டோஸ் 11", இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே முறைப்படி உரியது. எட்டாம் தலைமுறை 2017இல் வந்தது. அதற்கு முந்திய கருவிகளே இப்போது மலிவு விலையில் கடைகளில் குவிகின்றன. ஆகவே பழையது வாங்குவோர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதிருத்தல் நன்று. இறங்கத்தான் வேண்டுமாயின், விலையின்றிக் கிடைக்கும் "லினக்ஸ்" முறைமையை இட்டுப் பயன்படுத்தும் மனவுறுதி வேண்டும்.

பற்றரியின் உண்மை நிலையை விண்டோஸ் தானே ஓர் அறிக்கையாகத் தரும். ஆக்கியபோது இருந்த கொள்ளளவு 50 என்றும் இப்போது நிறையும் அளவு 30 என்றும் அதில் இருப்பின், பற்றரி நூற்றுக்கு அறுபதாகத் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அவ்வறிக்கையைக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். மூடியைத் திறந்து மூடிக் கீல் தளர்ந்துளதா என்று நோக்குங்கள். ஒலி, கமரா, துளைகள் யாவற்றையும் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடும் இரைச்சலும் அளவுக்கு மிஞ்சுகின்றனவா என்று பாருங்கள். பற்றுச்சீட்டில் கருவியின் தொடர் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாயினும் வாங்கவேண்டாம்; திருட்டுப் பொருளைத் தெரியாமல் வாங்கியோர் பட்ட பாடு நாம் அறிந்ததே.

கணக்கைப் பேர்க் கணக்கில் போடுங்கள்

விலைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. இறக்குமதிப் பொருளாகிய கணினியின் விலையும் உடன் ஏறிற்று. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி, அதாவது "வற்" வரி, 18 வீதமாயிற்று. ஆகவே விலை கேட்கும்போது "வரியும் சேர்த்தா?" என்று கேட்பது கட்டாயம். 150,000 ரூபா என்று சொல்லிப் பின்னர் வரியைச் சேர்ப்பாராயின் அது 177,000 ரூபா ஆகிவிடும்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் வருகை ஊக்குவிப்புப் படியோடு சேர்த்து 1,750 ரூபா என்று முன்மொழிந்தது. அந்த உயர்ந்த தொகையைக் கொண்டே கணக்கிடுவோம். ஒன்றரை இலட்சம் ரூபா என்பது ஒருவர் மலையில் ஏறிப் போடும் 86 பேருக்குச் சமம். மூன்றரை இலட்சமோ 200 பேர். கடைக்காரர் கூறும் தவணை முறை மாதம் 11,500 ரூபா வீதம் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள ஒன்றரை இலட்சத்தை முற்பணமாகக் கொடுத்த பின்னரும் 276,000 ரூபா கட்டவேண்டும். மொத்தம் 426,000 ரூபா. கருவியின் விலைக்கு மேலாக 76,000 ரூபா. அதாவது மேலும் 43 பேர். அந்த நாற்பத்து மூன்று நாளும் கொழுந்துக் கூடையைச் சுமப்பது வட்டிக்காகவே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஏன் என்று கேட்கும் நாம், தவணைப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் மொத்தம் எவ்வளவு என்று கேளாதிருப்பது என்ன நியாயம்?

"மகாபொல பணம் வரும், அதில் கட்டிவிடலாம்" என்று எண்ணுவோரும் உண்டு. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட அவ்வுதவித்தொகை, பிள்ளையின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்குமே போதாதது. அதனைத் தவணைக்கு ஈடாக நம்புதல் பிள்ளையைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

எனவே அன்பருக்கு நாம் கூறும் விடை இதுவே. முகாமைத்துவம் பயிலும் பெண்ணுக்கு மூன்றரை இலட்சம் ரூபாக் கருவி தேவையில்லை. கடைக்காரர் காட்டியது விளையாட்டுப் பிரியர்களுக்கென ஆக்கப்பட்ட, எடை மிகுந்த, பற்றரி விரைவில் தீரும் வகையாகவே இருத்தல் கூடும். கையில் உள்ள ஒன்றரை இலட்சத்தில் 15,000 ரூபாவைப் பாதுகாப்புப் பலகை, பை, சுட்டி, புறச் சேமிப்பகம் ஆகியவற்றுக்கென ஒதுக்கிவையுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாது நிற்றல் ஆகாது. எஞ்சியதில் 8 ஜிகாபைட் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள எளிய புதிய கருவி கிடைக்குமாயின் அதனை வாங்குங்கள். கிடையாதாயின் எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய நல்ல பழைய கருவியை, மேலே சொன்ன சோதனைகளுடன் வாங்குங்கள். கடன் வேண்டாம். பிற்காலத்தில் ரேமைக் கூட்டிக்கொள்ள வசதியிருப்பின் அதுவே போதுமானது. வாங்கிய பின் கடைக்காரர் சொன்ன சொல் தவறினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டே சாட்சி.

மென்பொருளும் தமிழும்

"எல்லா மென்பொருளையும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்னும் சொல்லைக் கேட்டு மகிழவேண்டாம். உரிமமின்றி நகலெடுத்த மென்பொருள்களோடு வைரஸ்களும் குடிபுகும். பிள்ளையின் கடவுச்சொற்களும் ஆவணங்களும் களவு போக இடமுண்டு. கருவியோடு உரிமம் பெற்ற விண்டோஸ் வருகிறதா என்று விசாரியுங்கள். எழுதுவதற்கும் கணக்குத்தாளுக்கும் "லிப்ரே ஒபிஸ்" என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும், அதனைக் கொண்டு மைக்ரோசொப்ட் மென்பொருள்களை இலவசமாகப் பெறும் வசதி அங்கு உண்டா என்றும் கேட்கலாம்.

தமிழில் எழுதுவதற்கு நம் நாட்டில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவையே கையாள்கிறார்கள். அச்சகத்துக்கு அது உதவலாம்; ஆனால் மின்னஞ்சலிலும் இணையத்திலும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். யுனிகோட் முறையில் எழுதப் பழகுதலே நன்று. விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை அடங்கியுள்ளது. பரீட்சைப் பெறுபேறு வெளியாவதற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே நீண்ட மாதங்கள் கழிகின்றன. அவற்றுள் நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பாராமல் தட்டச்சு செய்யும் ஆற்றல் வந்துவிடும். அப்பயிற்சிக்கு இரவல் கணினியும் போதும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"பெண் பிள்ளைக்குக் கைபேசியே போதும், லெப்டொப் தம்பிக்கு ஆகட்டும்" என்று கூறும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இருபது பக்க ஒப்படையைக் கைபேசியில் எழுதிப் பார்த்தால் அக்கூற்றின் பொருத்தமின்மை விளங்கும். யார் படிக்கிறாரோ அவருக்கே கருவி. விடுமுறையில் தம்பி தங்கையர் பயன்படுத்த விரும்பினால் அவர்களுக்கெனத் தனிக் கணக்கைத் திறந்து கொடுக்கலாம். அக்காளின் ஆவணங்கள் அழியாமல் இருக்கும்.

ஆவணங்களைப் பற்றி இறுதியாக ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைநாட்டைச் சூறையாடியபோது, பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் உயிர்களும் வீடுகளும் அழிந்தன. மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் மடிக்கணினியைத் தேடியிருக்க இயலுமா? உயிர் தப்பியதே பெரிதன்றோ! கருவி போனால் எப்பாடு பட்டாவது மற்றொன்று வாங்கலாம்; மூன்றாண்டு ஆய்வுக் குறிப்புகள் போனால் வாங்குமிடம் இல்லை. ஆதலின் எழுதியவற்றின் ஒரு பிரதியைப் புறச் சேமிப்பகத்திலும், இன்னொன்றை இணையக் களஞ்சியத்திலும் வாரந்தோறும் இட்டுவைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் முதல் நாளிலேயே கைக்கொள்ளல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களும் அவற்றோடு இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் இவற்றை எழுதிச் செல்லுங்கள்: எந்தத் தலைமுறை, எந்த ஆண்டு? ரேம் எவ்வளவு, கூட்டலாமா? எஸ்.எஸ்.டி.யா? பற்றரி எத்தனை மணி நேரம்? வரி சேர்த்த விலை என்ன? தவணையாயின் கடைசியில் மொத்தம் எவ்வளவு? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, திருத்துமிடம் எங்கே? ஏழு கேள்விகளுக்கும் முகஞ்சுளியாது விடை தருபவரிடம் வாங்குங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதன்முறையாகக் காலடி வைக்கும் பிள்ளைக்கு விடுதிக்கென எவற்றை எடுத்துச் செல்வது, எவற்றை அங்கே வாங்குவது என்று வேறு சில நேயர்கள் கேட்டிருக்கிறார்கள். அதனை அடுத்த வாரம் பார்ப்போம்.